டெக்ஸாஸில் இரண்டு கால், கந்தர்வக்கோட்டையில் நாலு கால்

ஸ்பானர் வைத்திருப்பவன் எல்லாம் மெக்கானிக் இல்லை என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வீட்டு வாசலைத் தாண்டி யாருக்கும் தெரியாது. என் கௌரவம் குடியிருப்பது அந்த இடைவெளியில்தான்.

அதை டெக்ஸாஸ் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவள் என் அக்கா. அவள் மகன் அங்கே வேலை பார்க்கிறான். இந்தக் கோடையில் செகண்ட் ஹேண்டில் ஒரு டிரெய்லர் வீடு வாங்கினான். அடுப்படி, கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ள முழு வீடு. அதை இழுக்க ஒரு பிக்கப் வண்டி. வண்டியின் பின்தொட்டியில் ஓர் இரும்புத் தட்டு இருக்கும். டிரெய்லரின் மூக்குக்கு அடியில் தொங்கும் தடித்த பின் அதில் வந்து பூட்டிக்கொள்ளும். ராத்திரி நம் தஞ்சாவூர் ரோட்டில் போகிற கன்டெய்னர் லாரிகளிலும் இதே ஏற்பாடுதான். பூட்டைக் கழற்றி வண்டியை நகர்த்தினால் டிரெய்லர் மூக்குக் குப்புற விழும் என்பதால் முன்பக்கம் இரண்டு கால்கள். லாரியில் கிளீனர் கைப்பிடியைச் சுற்றோ சுற்று என்று சுற்றி இறக்குவார். அமெரிக்காவில் பொத்தானை அமுக்கினால் 12 வோல்ட் மோட்டார் ஒன்று இறக்கிவிடும். குருங்குளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் நம் டிராக்டர் டிரெய்லருக்கு முட்டுக்கொடுக்க ஒரு செம்புறாங்கல் போதும். அதில் போல்ட்டும் கிடையாது, லூஸாகவும் ஆகாது.

காலை ஆறு மணிக்கு வீடியோ காலில் வந்தான். அங்கே முதல் நாள் சாயங்காலம் ஏழரை.

"மாமா, பட்டனை அமுக்குனா மோட்டார் சத்தம் போடுது, கால் எறங்க மாட்டேங்குது. மோட்டாரே துள்ளுது. அம்மாதான் ஒங்களக் கேக்கச் சொன்னாங்க. வீட்டு மோட்டாரை நீங்கதான் பாத்துக்குறீங்களாமே?"

பார்த்துக்கொள்கிறேன் என்பது உண்மைதான். பல வருஷமாகப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

என் மோட்டாரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தரைத் தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அரை எச்.பி. மோனோபிளாக். அடியில் நாலு கால். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடிவதற்குள் கஜா புயல் ஊரைப் புரட்டிப் போட்டபோது எங்கள் கொல்லை முந்திரி மரம் சாய்ந்து மோட்டார் மேடையின் ஒரு மூலையைப் பெயர்த்துவிட்டது. கரண்ட் வரும் வரை, வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்து வீடு வீடாகத் தொட்டி நிரப்பிக் கொடுத்தார்கள். ஜெனரேட்டர்காரர் என் மோட்டாரைப் பார்த்துவிட்டு, "சார், ஒரு கால் அந்தரத்துல நிக்குது, காரை போட்டுருங்க" என்றார். நாளைக்கே போட்டுவிடுகிறேன் என்றேன். அப்போதைக்கு, விழுந்த அதே மரத்தின் கிளையில் ஒரு துண்டை வெட்டி அந்தக் காலுக்கு அடியில் ஆப்பாக அடித்தேன். அப்போதையது இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

அந்த ஆப்பு ஒரு சாதாரண ஆப்பு இல்லை. வெயிலில் சுருங்கும், மழையில் ஊதும். சுருங்கும் காலத்தில் மோட்டார் கிழக்கே நகரும். ஊதும் காலத்தில் இருந்த இடத்திலேயே உறுமும். மோட்டாரை நகரவிடாமல் பக்கத்தில் ஒரு பழைய ஆட்டுக்கல்லை அணை கொடுத்திருந்தேன். என் மனைவி அதை மட்டும் மன்னிக்கவே இல்லை. அது அவள் பிறந்த வீட்டுச் சீர்.

இந்த அனுபவப் பின்னணியோடுதான் டெக்ஸாஸ் வழக்கை எடுத்தேன். 1937-லேயே கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் பட்டறையில் உள்நாட்டு மோட்டார் தயாரான மாநிலம் இது. அதனால் இங்கே ஒருதரம் மோட்டார் மூடியைத் திறந்து பார்த்த எவனுக்கும் தனக்குள் ஒரு நாயுடு இருப்பதாகத் தோன்றிவிடும். எனக்கும் தோன்றியது.

"கண்டன்சர் போயிருக்கும்" என்றேன். நம் ஊரில் மோட்டார் சம்பந்தமாக எது கேட்டாலும் முதலில் இதைச் சொல்வது மரபு. 

"இது டி.சி. மோட்டார் மாமா. பேட்டரியில ஓடுது. இதுக்குக் கண்டன்சரே கெடையாது."

அடுத்து காயில், அதற்கடுத்து பேரிங் என்று வரிசையாகச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் போனை மோட்டாருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பொத்தானை அமுக்கினான். எனக்குப் பழக்கமான காட்சி. மோட்டார் கிறுக்கென்று ஒரு பக்கம் திரும்பியது, ஒயரை இழுத்தது, விட்டதும் பழைய இடத்துக்கு வந்தது. காலின் தலையில் உள்ள கியர் பெட்டியோடு மோட்டாரைச் சேர்த்துப் பிடிக்கிற போல்ட்டுகளில் ஒன்று இல்லவே இல்லை. மிச்சம் இருந்ததும் ஓட்டைக்குள் தாளம் போட்டது. வட்டமாக இருந்த ஓட்டை அடிபட்டு அடிபட்டு முட்டை வடிவமாகியிருந்தது.

இந்த இடத்தில் நான் சொன்னது சரியாகவே இருந்தது என்பதைப் பதிவு செய்கிறேன். வீட்டில் யாரும் பதிவு செய்யவில்லை. மோட்டார் தண்டை ஒரு பக்கம் திருப்பினால், தண்டு மோட்டாரை மறுபக்கம் திருப்பப் பார்க்கும். நியூட்டன் காலத்திலிருந்து இதுதான் விதி. உடம்பைப் பிடித்துவைக்கப் போல்ட் இருந்தால் தண்டு சுற்றும். போல்ட் இல்லாமல், தண்டின் மறுமுனையில் ஒரு வீட்டின் பாரம் உட்கார்ந்திருந்தால், மோட்டார் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். கல்யாண வீட்டில் யாரும் பொறுப்புக் கொடுக்காத மாமா மண்டபம் முழுக்க வேகமாக நடப்பாரே, அந்த மாதிரி. எந்த மாமா என்று மனைவி உள்ளிருந்து கேட்டாள்.

"மொதல்ல வண்டியைக் கழட்டாதடா. டிரெய்லர் மூக்கு பிக்கப் மேலயே இருக்கட்டும். சக்கரத்துக்குக் கட்டை போடு. பேட்டரி ஒயரைப் பிரிச்சுட்டு அப்பறம் கையை வையி. அந்தக் காலை நம்பி அடியில படுத்துராத." 

இது என் அறிவு இல்லை. முன்பு ஒருமுறை சுவிட்சை அணைக்காமல் மோட்டாரைத் தொடப்போனபோது மனைவி மெயினை அணைத்துவிட்டு வந்து சொன்னதன் அமெரிக்கப் பதிப்பு. 

அந்த மாதிரி டிரெய்லர்களில் ஒரே மோட்டார் ஒரு காலின் தலையில் உட்கார்ந்திருக்கும். குறுக்கே போகும் ஒரு தண்டு மற்ற காலையும் சேர்த்து இறக்கும். நடுவில் எங்காவது ஒரு சின்ன பின் இருக்கும். பாரம் மிஞ்சினால் கியர் உடைவதற்குப் பதில் அது அறுந்துபோக வேண்டும் என்றே மெலிதாக வைத்திருப்பார்கள். ஆகவே மோட்டார் மட்டும் சுற்றிக் கால் அசையாவிட்டால் முதலில் பின்னைப் பார்க்க வேண்டும். மோட்டாரே துள்ளினால் போல்ட்டைப் பார்க்க வேண்டும். மோட்டார் செத்தாலும் கையால் சுற்ற ஒரு கைப்பிடி கொடுத்திருப்பார்கள். அவன் அதைத் தேடிப்போனான். கட்டிலுக்கு அடியில், வாங்கிய நாள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. போல்ட் மறுபடி லூஸாகாமல் இருக்க என்ன போடுவது என்று கேட்டான். "ஸ்பிரிங் வாஷர்" என்றேன், மறுபேச்சுக்கு இடமில்லாத குரலில். எங்கள் கடைவீதி ஹார்டுவேர் கடையில் எடை போட்டுத் தருவார்கள். எனக்கு அதில் அசைக்க முடியாத நம்பிக்கை.

அரை மணி நேரத்தில் திரும்ப அழைத்தான். படித்துவிட்டு வந்திருந்தான். படித்த பிள்ளைகளிடம் இதுதான் கஷ்டம். ஜுங்கர் என்று ஒரு ஜெர்மன்காரர், 1969-லேயே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார். நட்டைக் கழற்றுவது மேலும் கீழுமான அதிர்வு அவ்வளவாக இல்லை, பக்கவாட்டு ஆட்டம்தான். முறுக்கும்போது போல்ட் இம்மி அளவு நீளும். அந்த இழுவிசையும் மரையில் உள்ள உராய்வும்தான் நட்டைப் பிடித்துவைக்கின்றன. பாகம் பக்கவாட்டில் வழுக்க வழுக்க உராய்வு விட்டுப்போகும், நட்டு தானாகவே பின்னோக்கிச் சுற்றும். அந்தச் சோதனையில் ஸ்பிரிங் வாஷர் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஓட்டையைச் சரிசெய்து, நட்டைத் தேவையான அளவு முறுக்கி, உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டோ மரைப் பசையோ போட்டால் நிற்கும்.

"அப்ப ஒங்க மோட்டார்ல என்ன மாமா போட்டுருக்கீங்க?"

எங்கள் மோட்டார் நிமிஷத்துக்கு 2,880 சுற்றுச் சுற்றுகிறது. அதாவது செகண்டுக்கு 48 தரம் அந்த முந்திரி ஆப்பை உலுக்குகிறது. அந்த ஆட்டத்தில் உறிஞ்சு குழாயின் யூனியன் நெகிழ்ந்து காற்று உள்ளே போகும். மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. இதற்காக நான் கண்டன்சர் மாற்றியிருக்கிறேன், புட்வால்வு மாற்றியிருக்கிறேன், மின்வாரியத்தையும் வோல்டேஜையும் திட்டியிருக்கிறேன். தினமும் காலையில் மக்கில் தண்ணீர் மொண்டு பம்பின் வாயில் ஊற்றிக் கிளப்புவதை வீட்டில் "அபிஷேகம்" என்றே சொல்கிறார்கள். பக்கத்தில் ஆட்டுக்கல் வேறு இருப்பதால் பார்ப்பதற்கும் அப்படித்தான் இருக்கும்.

"செக் நட்டு போட்டிருக்கேன்" என்றேன்.

அவன் வேலையை அவன் முடித்துவிட்டான். ஓட்டையின் மேல் புதுத் தகடு வைத்து, புதுப் போல்ட் போட்டு முறுக்கி, பொத்தானை அமுக்கி, இரண்டு காலும் சத்தமில்லாமல் இறங்குவதை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தான். அக்கா அதைச் சொந்தக்காரர்கள் குரூப்பில், தம்பி சொல்லிக் கொடுத்து மகன் செய்தது என்று போட்டாள். அறந்தாங்கியிலிருந்தும் கறம்பக்குடியிலிருந்தும் கைகூப்பிய பொம்மைகள் வந்து குவிந்தன. என் மனைவியும் ஒன்று போட்டிருந்தாள். அது கைகூப்பிய பொம்மை இல்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "மாமா, ஒங்க மோட்டாரை எப்படி ஃபிட் பண்ணிருக்கீங்கன்னு ஒரு போட்டோ அனுப்புங்க, என் ஃப்ரெண்டு ஒருத்தன் டிரெய்லர்லயும் இதே ப்ராப்ளம்" என்று கேட்டான்.

பக்கத்து வீட்டில் போன வருஷம்தான் புது மேடை கட்டி, நாலு காலுக்கும் கீழே ரப்பர் வைத்து, பவுண்டேஷன் போல்ட் இறக்கி மோட்டார் போட்டார்கள். மதியம் அவர்கள் அசந்திருக்கும் நேரம் பார்த்துப் போய் நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். திரும்பும்போது அந்த வீட்டுக்காரர் திண்ணையில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"நீங்களே வந்து பாத்துட்டீங்களா சார்? நானே கூப்புடணும்னு இருந்தேன். ரெண்டு நாளா ஏதோ சத்தம் கேக்குது. ஸ்பானர் இருக்குல்ல?"