ஒப்புக்கொடுக்கப்பட்டவன்

போன மாதம் ஒரு ஞாயிறு ஆராதனையில், ஒரு கல்யாண ஓலைக்கும் அறுப்பின் பண்டிகை நன்கொடை பாக்கிக்கும் நடுவே, என் மிச்ச வாழ்நாள் அறிவிப்பாக வாசிக்கப்பட்டது. "பணி ஓய்வு பெற்ற நம் அண்ணனும் அக்காவும் தம்பதியாகக் கிராம ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுத்திருக்கிறார்கள்." சபை மொத்தமும் ஸ்தோத்திரம் சொன்னது. நானும் சொன்னேன், எவனோ பாவம் மாட்டிக்கொண்டான் என்று நினைத்துத்தான். பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தால், என் மனைவி முக்காட்டைச் சரிசெய்தபடி ஆல்டரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அண்ணன் யாரென்று அப்போதுதான் விளங்கியது.

"சும்மாதானே இருக்கீங்க?" என்கிறார்கள். ஐயா, சும்மா இருப்பதற்காகத்தான் இத்தனை வருஷம் கூட்டுறவு சங்கத்தில் உரக்கடன் கணக்கு எழுதினேன். வாலிபர் சங்கத்தைக் கேளுங்கள் என்றால் அவர்களுக்கு நேரமில்லையாம். வாலிபர் சங்கத் தலைவருக்கே ஐம்பத்து மூன்று வயது.

வயதான புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்து ஊழியத்துக்கு அனுப்பக் கூடாது என்பதற்கு அசைக்க முடியாத காரணம் ஒன்று வைத்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதலில் சரித்திரத்தை ஒரு பார்வை பார்த்துவிடுவோம்.

1750-இல் தரங்கம்பாடிக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர், 1798-இல் தஞ்சாவூரில் கண்ணை மூடும்வரை நாற்பத்தெட்டு வருஷம் இந்தப் பக்கமெல்லாம் ஓடியாடினார். ஹைதர் அலியிடம் தூது போனார். சரபோஜி மன்னரே அவருக்குச் சீமையிலிருந்து பளிங்குச் சிற்பம் வரவழைத்துத் தேவாலயத்தில் வைத்தார். கல்யாணம் ஆகவில்லை. வீரமாமுனிவர் துறவி. தேம்பாவணி பாடினார், சதுரகராதி தொகுத்தார். "அந்த வார்த்தைக்கு அது அர்த்தம் இல்லங்க" என்று சொல்ல வீட்டில் ஒருத்தி இருந்திருந்தால், அகராதி அகரத்தைத் தாண்டியிருக்குமா? சீகன்பால்கு 1706-இல் பிரம்மச்சாரியாக வந்தார். பத்து வருஷத்துக்குள் தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, அச்சிலும் ஏற்றிவிட்டார். பிறகு ஐரோப்பா போய்க் கல்யாணம் செய்துகொண்டு 1716-இல் மனைவியோடு திரும்பினார். 1719-இல் காலமானார். வயது 36. நான் ஒன்றும் சொல்லவில்லை. வருஷங்களைத்தான் சொல்கிறேன்.

மார்மன் சபைக்காரர்கள் தம்பதி ஊழியத்தை ஓர் ஏற்பாடாகவே வைத்திருக்கிறார்கள். பேரன் பேத்தி எடுத்த தம்பதிகள் வீட்டைப் பூட்டிவிட்டு, சொந்தக் காசில், 6 மாதத்திலிருந்து 23 மாதம் வரை ஏதாவது தேசத்தில் ஊழியம் செய்கிறார்கள். பெங்களூரில் 1993 முதல் அவர்களுக்கு ஒரு மிஷன் இருக்கிறது. அவர்களுடைய இளவட்ட ஊழியர்களும் ஜோடியாகத்தான் போகவேண்டும். ஒருவர் பார்வையை விட்டு மற்றவர் நகரக் கூடாது. ஆனால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றப் பட்டியல் வரும், அதில் ஜோடி மாறவும் வழியுண்டு. தம்பதிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. இதை என் மனைவியிடம் வெறும் பொது அறிவுத் தகவலாகத்தான் சொன்னேன். "நானும் அதைத்தான் யோசிச்சிட்டு இருந்தேன்" என்றாள்.

அவள் பாளையங்கோட்டைக்காரி. 1903-இலேயே அசரியா முதலானோர் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, சொந்தக் காசில், சொந்த ஆட்களை வெளியூர் ஊழியத்துக்கு அனுப்பிய சீமை. நானோ தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்துக்காரன். அவளுடைய ஜனத்துக்குப் பாபநாசம் என்றால் அருவி, அணைக்கட்டு. 2015-இல் கமல் படம் வேறு வந்து எங்கள் ஊரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது. நூற்றெட்டு லிங்கக் கோயிலைச் சொன்னாலும், பாபநாசம் சிவனைச் சொன்னாலும், "குளிக்க வசதியா இருக்குமே" என்கிறார்கள். எங்கள் ஊழியத்துக்கென்று மச்சான் அனுப்பிய கைப்பிரதிக் கட்டு நேராகத் திருநெல்வேலிப் பாபநாசத்துக்குப் போய்விட்டது. அங்கே யாராவது மனந்திரும்பியிருந்தால் சந்தோஷம்.

சரி, காரணத்துக்கு வருகிறேன். வீடு சந்திப்பு.

டிவிஎஸ் 50-இல் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கபிஸ்தலம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போகிறோம். பாய் விரிக்கிறார்கள். காப்பி வருகிறது. டெல்டாக் காப்பி; நுரையோடு, சர்க்கரை தாராளமாய். கை நீட்டும் நேரம் பார்த்து, "ஐயா, ஒரு வார்த்தை ஜெபிச்சிருங்க." ஒரு வார்த்தை! நம்மில் எவன் ஒரு வார்த்தையில் ஜெபித்திருக்கிறான்? நான் ஒருவன்தான். குடும்பம், சுகம், காப்பி, ஆமென். கண்ணைத் திறந்தால் என் மனைவி, "இன்னும் ஜெபிப்போமாக" என்கிறாள்.

உலகத்தோற்றத்தில் ஆரம்பிப்பாள். நோவாவைத் தாண்டி, ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதற்கும் குறுவைக்கும் வந்து, அந்த வீட்டுக்குள் நுழைவாள். துபாயில் இருக்கும் மூத்தவன், அவன் விசா, அவன் ரூமில் குறட்டை விடும் மலையாளி, இளையவனின் அரியர் பேப்பர்கள், பெண்ணுக்கு வந்து தட்டிப்போன வரன், சினைப்பசு. "நீர் அறிவீர் ஆண்டவரே" என்று தொடங்கி, அவர் அறிந்திருக்க நியாயமில்லாத சங்கதிகளையெல்லாம் விவரமாக ஒப்பிப்பது நம் வழக்கம். ஒருமுறை, சிங்கப்பூர் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முந்தி ஓடுகிறது என்பதையும் அவருக்கு ஞாபகப்படுத்தினாள். எங்கள் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இருக்கிறது. 3,000 கலம் பிடிக்கும். இவள் ஜெபம் அதைப்போல, கொட்டக் கொட்ட உள்ளே வாங்கிக்கொண்டே இருக்கும்.

"கடைசியாக" என்பாள். காப்பியில் ஆடை படிந்திருக்கும். "முடிவாக" என்பாள். வீட்டுக் குழந்தை ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கும். நானும் ஒரு கண்ணால் பார்ப்பேன். "நிறைவாக" என்று சொல்லிவிட்டுத்தான் என் விஷயத்துக்கு வருவாள்.

"எங்களில் சிலர் சர்க்கரை வியாதியை மறைத்து, போகிற வீடெல்லாம் காப்பி குடிப்பதையும் நீர் அறிவீர் ஆண்டவரே."

"ஆமென்" என்கிறது வீடு.

சும்மா விடலாமா? நானும் கண்ணை மூடினேன். "ஆண்டவரே, எங்களில் சிலருக்கு நாவடக்கத்தைத் தாரும்."

"ஆமென்."

"சீவல் பொட்டலத்தை வேதாகமப் பைக்குள் வைக்கும் பலவீனத்தை மாற்றும் ஆண்டவரே."

"ஆமென்."

"அடுத்தவன் பையைத் துழாவும் பழக்கத்தையும் சேர்த்து மாற்றும்."

"ஆமென்."

"பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்காமல் புறப்பட்டு, வயதான பெண்பிள்ளையைப் பாதி வழி நடக்க வைக்கும் அஜாக்கிரதையை..."

நான் உரக்க ஆமென் போட்டு முடித்துவைத்தேன். இரண்டு தரப்புக்கும் பாரபட்சமில்லாமல் ஆமென் சொன்ன அந்த வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா என்ன உருக்கமா ஜெபிக்கிறாங்க!" என்றாள். என்னுடையதைப் பற்றி ஒரு பேச்சில்லை. டம்ளரைத் தொட்டுப் பார்த்து, "ஆறிப்போச்சுங்களே அண்ணே, உங்களுக்கு வேற போட்டு எடுத்தாரேன், சர்க்கரை இல்லாம" என்று உள்ளே போனாள்.

இதுவா காரணம் என்று கேட்காதீர்கள். இது வெறும் முகவுரை. காரணத்தை ஒழுங்காக எழுதலாம் என்று பார்த்தால், அடுத்த மாத ஊழியப் பட்டியலைக் கொடுக்க ஆள் வந்து நிற்கிறார். எந்தக் கிழமை எந்த ஊர் என்று அழகாகத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று இந்தத் தடவையும் யாருக்கும் தோன்றவில்லை. கடைசி வரியில் பொறுப்புகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன: அக்கா ஜெபிப்பார்கள், அண்ணன் வண்டி ஓட்டுவார்.

பெட்ரோலுக்கு யார் என்று போடவில்லை.