வலது கையில் கங்கை, இடது கையில் காசி

காசியில் கங்கைக்கரை ஓரமாக நடக்க வழிகாட்டி எதற்கு? அசி காட் என்ற படித்துறையில் தொடங்கி வடக்கே நடந்தால் வலது கைப்பக்கம் கங்கை, இடது கைப்பக்கம் ஊர். கங்கையே இங்கே வடக்கு நோக்கித்தான் ஓடுகிறாள். அவள் போகிற திசையில் நாமும் போனால் சரி. எண்பதுக்கும் மேற்பட்ட படித்துறைகள். சுவர்களில் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். வழி தவற வேண்டுமென்றால் ஒன்று ஆற்றில் இறங்க வேண்டும், இல்லை சந்துக்குள் நுழைய வேண்டும். நானும் என் மனைவியும் இரண்டையும் செய்வதாக இல்லை.

ஆனால் காசிக்கு ஒரு கொள்கை இருக்கிறது: மனுஷன் சும்மா நடக்கக் கூடாது.

"அண்ணா, போட்! நல்ல போட்! அம்மாவுக்கு முட்டி வலிக்கும்!" என்றார் ஒருவர், சுத்தமான தமிழில். "நஹீ சாஹியே" என்று சொல்ல ஊரிலிருந்தே பழகி வந்திருந்தேன். தமிழில் கேட்டவருக்கு இந்தியில் பதில் சொன்னால் மரியாதை இல்லையே என்று வாயை மூடிக்கொண்டேன். அடுத்தவர் கைகுலுக்கக் கை நீட்டினார். நாகரிகமான மனிதர் என்று நானும் நீட்டினேன். பிடித்த கையை அவர் விடவில்லை. ஒவ்வொரு விரலாகச் சொடக்கெடுத்தார், மணிக்கட்டைப் பிசைந்தார், முழங்கை தாண்டித் தோளுக்கு ஏறும்போதுதான் விலையைச் சொன்னார். "ஏங்க, சுகமா இருக்கா?" என்று கேட்டாள் மனைவி. சுகமாகத்தான் இருந்தது. அதனால்தான் கோபமே வரவில்லை.

மார்கழிக் குளிர். படிகளில் ஆடுகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிந்தன. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, இந்த ஊரில் குளிர்காலத்தில் ஆட்டுக்குப் பழைய ஸ்வெட்டர் மாட்டிவிடுவது வழக்கம். ஓர் ஆடு நீலநிற ஸ்வெட்டரில், முன்னங்கால்கள் இரண்டையும் கைகளில் ஒழுங்காக நுழைத்துக்கொண்டு, யாரோ ஆற்றில் விட வைத்திருந்த சாமந்தி மாலையை மென்றுகொண்டிருந்தது. முழங்கைப் பக்கம் மட்டும் ஒரு கிழிசல். என் சால்வையை அது பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

சேத் சிங் காட்டில் கோட்டை மாதிரி ஒரு மாளிகை. 1781-ல் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் பணம் கேட்டு நெருக்கி, காசி அரசர் சேத் சிங்கை அவர் மாளிகையிலேயே காவலில் வைத்தார். அரசர் தலைப்பாகைத் துணிகளை முடிச்சுப் போட்டு, ஜன்னல் வழியாகக் கீழே இறங்கி, படகேறித் தப்பிவிட்டார். ஊர் கொந்தளிக்க, ஹேஸ்டிங்ஸும் சுனார் கோட்டைக்கு ஓடினார். இந்தக் கரையில் காசு கேட்டு வந்தவரிடம் பைசா கொடுக்காமல் நழுவிய ஒரே ஆளை வணங்கி நின்றேன். "அவரும் போட் வேண்டாம்னு சொல்லலையே" என்றாள் மனைவி.

அனுமான் காட்டுப் பக்கம் வந்தால் நம் ஊர்ப் பேச்சு காதில் விழுகிறது. 1898-ல் பதின்ம வயதில் வந்த பாரதி, அத்தை வீட்டில் தங்கிப் படித்தது இங்கேதான். முண்டாசும் மீசையும் அவருக்குக் காசி கொடுத்தவை என்பார்கள். எனக்கு அதுவரை கிடைத்தது நெற்றியில் ஒரு சிறுவன் கேட்காமல் அப்பிய சந்தனம், பத்து ரூபாய்.

கேதார் காட்டில் சிவப்பு வெள்ளைப் பட்டைகளைப் பார்த்ததும் கால் தானாக நின்றது. ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் 17-ஆம் நூற்றாண்டில் மடம் நிறுவிய இடம். சகலகலாவல்லி மாலை பாடி இந்துஸ்தானியை வரமாகப் பெற்று, சிங்கத்தின் மேல் ஏறிப்போய் பாதுஷாவைப் பார்த்தார் என்பது மடத்தின் கதை. இந்தி வேண்டும் என்றால் அப்படி வேண்ட வேண்டும். முப்பது நாளில் இந்தி புத்தகத்தை நம்பினால் இரண்டே சொல்தான் தேறும், அதையும் சொல்ல விடமாட்டார்கள்.

கொஞ்ச தூரத்தில் நாரத காட். இங்கே கணவன் மனைவி சேர்ந்து குளித்தால் வீட்டில் சண்டை வரும் என்று ஒரு நம்பிக்கை. "கால் மட்டும் நனைக்கலாமா?" என்றேன். "அதுக்குன்னு தனியா இங்க இறங்கணுமாக்கும்?" என்று சொல்லிவிட்டு அவள் நடையை எட்டிப் போட்டாள்.

தசாசுவமேத காட்டின் கூட்டத்தைத் தாண்டினால் மணிகர்ணிகை. மச்சுமாடி உயரத்துக்கு விறகு அடுக்கியிருக்கிறது. இரவும் பகலும் சிதை எரிகிறது. காசியில் உயிர் விடுபவர் காதில் சிவனே தாரக மந்திரம் சொல்லிக் கரையேற்றுகிறார் என்பது நம்பிக்கை. ஆக, இந்த ஊரில் வழிகாட்டி வேண்டாம் என்று எத்தனை பேரைத் தட்டிக் கழித்தாலும் கடைசியில் ஒருவர் வந்தே தீருவார். அவர் மட்டும்தான் ரேட் சொல்வதில்லை.

மணிகர்ணிகையை ஒட்டியே ரத்னேசுவரர் கோயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. வருஷத்தில் பாதி நாள் கருவறை தண்ணீருக்குள்தான். தாய்க்காகக் கோயில் கட்டிய ஒருவர், 'அம்மா கடன் தீர்ந்தது' என்றாராம்; அந்தக் கடன் தீருமா என்று கோயில் அப்போதே சாய்ந்துவிட்டதாம். கதையைச் சொன்னவர் ஒரு படகுக்காரர், காசு கேட்கவில்லை. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் படம் எடுக்கச் சொல்லி, பெங்களூரில் இருக்கும் மகனுக்கு உடனே அனுப்பினாள். 'என்ன கோயில் இது?' என்று அவன் கேட்பான், கதையைச் சொல்லலாம் என்று திட்டம்.

ரெண்டே நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது: "அம்மா, அப்பாவைப் போனை நேராப் பிடிச்சு எடுக்கச் சொல்லு."