காம்போஜக் கல்லும் பீரங்கிக் குண்டும்

கேள்வி: வெளிநாட்டுத் தூதரகங்களின் வரலாறு, கட்டடக்கலை எல்லாம் டெல்லி சாணக்கியபுரிக்குத்தான் சொந்தமா? கடலூர், சிதம்பரம் பக்கம் ஒன்றும் இல்லையா?
– ஒரு வாசகர், நெய்வேலி

பதில்: தூதரகம் இல்லை; ஆனால் உறவும் உண்டு, உரசலும் உண்டு!

முதலில் சிதம்பரம். சீனாவுக்கு 1077-ல் 72 பேர் கொண்ட தூதுக்குழு போனது சோழ நாட்டிலிருந்து. அப்போது ஆண்ட முதலாம் குலோத்துங்கனுக்குக் காம்போஜ (இன்றைய கம்போடியா) மன்னன் ஓர் அபூர்வக் கல்லை அளித்தான். சோழன் அதைக் கஜானாவில் பூட்டவில்லை. சிதம்பரம் தில்லைக் கோயிலின் எதிரம்பலத்தில் முன்வரிசைக் கல்லாகப் பதித்தான். அங்குள்ள 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. அன்பளிப்பைக் கட்டடமாகவே ஆக்கிய மரியாதை அது.

கடலூருக்கு வந்தவர்கள் வேறு ரகம். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. எல்லையை அளந்தது சங்கிலி அல்ல, பீரங்கி! கோட்டையிலிருந்து சுட்ட குண்டு விழுந்த தூரம்வரை கம்பெனிக்கு. அந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர். அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை. சென்னையை 1746-ல் பிரெஞ்சுக்காரர் பிடித்ததும், 1752 வரை தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடம் இதுவே. 1758-ல் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையைத் தகர்த்தது.

இன்று தூதரக வளாகத்தின் உரிமைகளை 1961 வியன்னா உடன்படிக்கை வரையறுக்கிறது. அந்நியருக்கு இடம் கொடுப்பதற்கு முன் எல்லையை எழுதிக்கொள்ள வேண்டும் என்பதைக் கடலூர் எப்போதோ விலை கொடுத்துக் கற்றுவிட்டது. பிள்ளைகளை இரண்டு ஊருக்கும் அழைத்துப் போங்கள். வெளியுறவுக் கொள்கையின் முதல் பாடத்துக்கு டெல்லி டிக்கெட் தேவையில்லை.