மருமோனின் மோட்டார் சைக்கிள்

வா மருமோன், இப்படி இரு. கடை வாசலிலே பனர் கட்டியிருக்கிறாயாமே: ஆயிரம் ரூபாய்க்குச் சாமான் எடுத்தால் ஒரு கூப்பன், முதற்பரிசு மோட்டார் சைக்கிள். பேசாலையிலிருந்து தலைமன்னார் வரை இதே கதைதான். சைக்கிளைக் கண்டவன்தான் ஒருத்தனும் இல்லை. கெட்டிக்காரன் நீ. வாங்காத சைக்கிளுக்குப் பெற்றோலும் தேவையில்லை.

கண்டவன் நிண்டவனெல்லாம் லொத்தர் நடத்தக்கூடாதெண்டு வெள்ளைக்காரன் 1844இலேயே கட்டளைச் சட்டம் போட்டிட்டான். போட்ட அரசாங்கம் என்ன செய்தது? 1905இல் மறிச்சுக்கட்டிக் கரையிலே சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாய் ஏலம் போட்டது! உள்ளே முத்தோ வெறும் சதையோ, எடுத்தவன் தலைவிதி. முத்துக் குளிச்சவங்கள் தங்கட பங்கிலே சில்லறையாய் விக்க, சனம் அந்த இடத்திலேயே உடைச்சுப் பார்த்தது. நாத்தம் வேறை. அடுத்த வருசம் ஒரு கொம்பனி முத்துப் படுகையையே 20 வருசத்துக்குக் குத்தகைக்கு எடுத்தது, வருசத்துக்கு 3,10,000 ரூபாய். 1907க்குப் பிறகு கொம்பனிக்குச் சிப்பியே கிடைக்கேல்லை. துரைமாருக்கும் சீட்டு விழேல்லை.

ஆனால் ஒண்டு மருமோன், அந்த ஏலத்திலே சிப்பி கண்முன்னே குவிஞ்சு கிடந்தது. உள்ளே என்ன எண்டு வித்தவனுக்கும் தெரியாது. உன்ர சைக்கிள் ஆருக்கு விழும் எண்டு உனக்கும் தெரியும், உன்ர மச்சானுக்கும் தெரியும். அவன் இப்பவே ஹெல்மெட் வாங்கிப்போட்டானாம்.

காசுக்குச் சீட்டு விக்கிற வேலையை அரசாங்கம் தன்ர கையிலே வைச்சிருக்குது, 1963இலிருந்து தேசிய லொத்தர் சபை, பிறகு அபிவிருத்தி லொத்தர் சபை எண்டு. நீ கூப்பனுக்குத் தனியாய்க் காசு வாங்கினால் அவையோடை போட்டிக்கு நிக்கிறாய். சாமானோடை சும்மா குடுக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டு சீனி விலையை ஏத்தினால் சனத்துக்குக் கணக்குத் தெரியாதோ? பிரக்கிராசியாரிட்டை ஒரு சொல் கேட்டிட்டுச் செய். இல்லாத பரிசைக் காட்டினால் பிடிக்கிறதுக்கு வேறை ஆள் இருக்கு. வியாபாரி சனத்தை ஏமாத்துற விதமாய் நடக்கக்கூடாது எண்டு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்திலே, 30ஆம் பிரிவிலே இருக்கு. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்காரன் வந்தால் தேத்தண்ணி குடுத்து அனுப்பலாம் எண்டு நினையாதை.

அக்கரைக்குப் போய் நடத்துவம் எண்டால் அங்கை இன்னும் மோசம். விற்பனையைக் கூட்டச் சீட்டிழுக்கிறதையே முறைகேடான வியாபாரம் எண்டு இந்தியாக்காரன் 2019 சட்டத்திலே எழுதியிருக்கிறான். பரிசுத் திட்டம் முடிஞ்ச பிறகு முடிவை மறைச்சாலும் அதே குற்றம். விளம்பரம் போட்ட அதே பேப்பரிலே முடிவையும் எடுப்பாய்ப் போட்டால் மறைச்ச குற்றத்திலிருந்து தப்பலாம். உன்ர பனரில் சீட்டிழுக்கிற திகதியே இல்லை.

ஒரு வழி சொல்லட்டே? முதற்பரிசு கழுதை எண்டு மாத்தி எழுது. மன்னார்த் தெருவிலே வேண்டிய மட்டும் நிக்குது, ஆரும் வந்து பார்க்கலாம், மச்சானும் கேக்கமாட்டான்.

சரி சரி, முறைக்காதை. பனரை அவிழ்க்கேக்கை கயித்தை வெட்டிப்போடாதை. என்ர ஆட்டுக்கு வேணும்.