மைத்துனரும் வர்ணத் துப்பாக்கியும்

சொந்தக் காருக்குச் சொந்த வீட்டு வாசலிலேயே வர்ணம் பூசிக்கொள்வதென்பது, சிக்கனத்தின் பெயரால் ஆரம்பமாகி, சிக்கனம் என்ற பேச்சையே அப்புறம் அந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாதென்ற நிலையில் முடிகிற காரியங்களில் ஒன்று. என் மைத்துனர் தம்முடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு நீல வர்ணம் பூசச் சங்கற்பம் செய்துகொண்டு, ஸ்ப்ரே கன்னையும் கம்ப்ரஸரையும் வாடகைக்கு எடுத்து வந்தபோது, ரப்பர்க் குழாயைப் பிடித்துக்கொள்ளும் கௌரவப் பதவி எனக்குக் கிடைத்தது.

இந்தக் கருவியின் பூர்வோத்தரம் வேடிக்கையானது. அமெரிக்காவில் டோலிடோ நகரத்து வைத்தியரான டிவில்பிஸ் என்பவர், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைப் பனிபோலத் தெளிப்பதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு சாதனத்தை உண்டாக்க, அந்தத் தத்துவத்தையே அவருடைய குமாரர் பிற்பாடு வர்ணம் தெளிப்பதற்குப் பயன்படுத்தினார். தகப்பனார் தொண்டைகளைக் குணப்படுத்தினார்; குமாரரின் கைங்கரியத்தால் எங்கள் தெரு முழுவதும் இருமிற்று.

1920-களில் நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர் வருவதற்கு முன்னால், காருக்குப் பூசிய வர்ணம் உலர்ந்து முடிய வாரக் கணக்காகுமாம். லாக்கரோ நிமிஷங்களில் உலர்ந்துவிடும். இதைப் படித்துவிட்டுத்தான் மைத்துனர், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமென்று கணக்கிட்டிருந்தார். உலர்வதற்கு நேரம் வேண்டாமென்பது வாஸ்தவமே; ஆனால் பழைய வர்ணத்தைச் சுரண்டி, ஒடுக்கெடுத்து, பட்டி வைத்து, வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, அதையும் மறுபடி தேய்த்து முடிப்பதற்குள் பஞ்சாங்கத்தில் மாதங்கள் மாறிவிட்டன. வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்குக் காபிக்கு முன்னதாக வாட்டர் பேப்பர் வழங்கப்பட்டது. அதன் பலனாக உறவினர் வருகை கணிசமாகக் குறைந்தது. இந்த முயற்சியில் மிச்சமானது என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அந்தக் காபிப் பொடியைத்தான் சொல்ல வேண்டும்.

மார்கழியில் முதல் பூச்சு விழுந்தது. தின்னர் விரைந்து ஆவியாகும்போது தகடு குளிர்ந்துபோய், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, வர்ணம் வெளுத்துப்போகும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குப் பாலபாடம். எங்கள் ஹெரால்டு சர்வாங்கமும் விபூதி பூசிய சிவபக்தனாய்க் காட்சியளித்தது. "பக்தி முற்றிவிட்டது போலிருக்கிறதே!" என்றார் எதிர்வீட்டுக்காரர். மறுபடியும் தேய்த்தோம்.

பங்குனியில் மைத்துனர் மீண்டும் துப்பாக்கி ஏந்தினார். கிட்டே பிடித்தால் வர்ணம் வழிந்தோடும், எட்டப் பிடித்தால் வழியிலேயே உலர்ந்து தூளாய் விழும் என்பதை உணர்ந்து, ஒரு சாண் தூரத்தில், மணிக்கட்டை வளைக்காமல், ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூடும்படி அவர் பூசிய நேர்த்தியைத் தேர்ந்த பெயிண்டர் கண்டிருந்தாலும் சிலாகித்திருப்பார். மத்தியானம் கிளம்பிய கடற்காற்றுக்கு மட்டும் அந்த ரசனை இல்லை. கொல்லைப்புறத்தில் வெள்ளை வேஷ்டியின்மேல் என் மாமியார் அதிகாலையில் பிழிந்து வைத்திருந்த வடாம், ஈரம் காய்வதற்குள் ஆகாய வர்ணம் பெற்றது. நீலகண்டனுக்கு நைவேத்தியம் செய்துவிடலாம் என்று நான் சமாதானம் சொன்னதை யாரும் ரசிக்கவில்லை.

கார் என்னவோ பிரமாதமாகத்தான் அமைந்தது. ஆர்.சி. புத்தகத்தில் வர்ண மாற்றத்தைப் பதிவு செய்துகொண்டு மைத்துனர் வெற்றியோடு திரும்பி வந்த அன்று, அடுத்த தடவை காருக்கு வெள்ளைதான் அடிக்க வேண்டும் என்று மாமியார் உத்தரவிட்டார். வடாமும் வெள்ளைதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்பது அவருடைய வாதம்.