நாசரேத்தில் செய்த கிதார்

ஒரே ஒரு கிதார் வைத்திருப்பவரால் யாருக்கும் ஆபத்தில்லை. வாசிப்பார், அல்லது பரணில் போட்டு வைப்பார். இரண்டாவது கிதார் வந்த அன்றுதான் ஆள் மாறிப்போகிறார். அதற்குப் பிறகு அவர் பாட்டு வாசிப்பதே இல்லை, ஒப்பிட்டுத்தான் வாசிக்கிறார். ஒரே ஜி கார்டை இதில் ஒரு தட்டு, அதில் ஒரு தட்டு தட்டிவிட்டு, "வித்தியாசம் தெரியுதா?" என்று நம் முகத்தையே பார்ப்பார். தெரியவில்லை என்றால் நட்பு கெடும். தெரிகிறது என்றால் மூன்றாவது கிதார் வரும். அவர் வீட்டம்மா நம்மைத்தான் முறைப்பார்.

எங்கள் கூட்டத்தில் இது முற்றிப்போனவர்கள் மூன்று பேர். கல்லூரியில் மூவருக்கும் சேர்த்து ஒரே கிதார், அதிலும் ஐந்து கம்பி. 'என் இனிய பொன் நிலாவே' பாட்டின் தொடக்கத்தை மட்டும் கற்றுக்கொண்டு, அதை வைத்தே பட்டப்படிப்பை ஓட்டினார்கள். பாட்டு அதற்குமேல் எப்படிப் போகிறது என்று இன்றுவரை அவர்கள் விரல்களுக்குத் தெரியாது. இப்போது பிள்ளைகள் அமெரிக்காவில். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் சாக்லேட்டுடன் ஒரு கிதாரும் விமானம் ஏறுகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஞ்சாயத்து என் வீட்டில்தான், ஏனென்றால் எனக்கு இந்தச் சொத்தில் பங்கில்லை. என்னிடம் இருப்பது ஒட்டுப்பலகையில் செய்த உள்நாட்டுச் சரக்கு. பெயர் வேண்டாம். கோலிக்குண்டு போட்டுக் குலுக்கிய பால் பவுடர் டப்பாவின் நாதம் அதற்கு. ஆனால் மழை, வெயில், மார்கழிப் பனி எதற்கும் அசையாது. மற்ற மூன்றுக்கும் பெட்டிக்குள் ஈரப்பதம் அளக்கும் கருவி உண்டு. ஐம்பது சதவீதத்துக்கு அக்கம்பக்கமாக இருந்தால்தான் மரம் சௌக்கியமாக இருக்குமாம். சென்னைக் காற்று அதைக் காதில் போட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை.

முதலில் மார்ட்டின்காரன். அவன் கிதார் டி-28. பெட்டியைத் திறக்கும்போதே குரல் தாழ்ந்துவிடும். பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியம்மாவிடம் ஒருநாள், "பெரியம்மா, இது நாசரேத்துல செஞ்சது" என்றான். பெரியம்மாவுக்கு ஒரே வியப்பு. "திருச்செந்தூர் ரயில்ல எத்தனை தடவை அந்த ஸ்டேஷனைத் தாண்டிப் போயிருக்கேன், ஒருத்தரும் சொல்லலியே!"

அவன் நெற்றியைத் தடவிக்கொண்டு பென்சில்வேனியாவில் இருக்கும் நாசரேத்தை விளக்கினான். மார்ட்டின் என்பவர் ஜெர்மனிக்காரர். அங்கே வயலின் செய்பவர்களின் சங்கம், கிதார் எங்கள் உரிமை, மரச்சாமான் செய்யும் தச்சர்கள் அதைத் தொடக்கூடாது என்று வழக்காடியது. மார்ட்டின் தச்சர் கட்சி. வெறுத்துப்போய் கப்பலேறி, 1833-இல் நியூயார்க்கில் கடை போட்டு, சில வருடங்களில் நாசரேத்துக்குக் குடிபோனார். பெரியம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "தஞ்சாவூர்ல வீணையும் ஆசாரிதானே செய்றார், அதுக்கு எதுக்குச் சண்டை?" என்றார்.

டி-28-இன் 'டி' ட்ரெட்நாட். 1906-இல் இங்கிலாந்து கடலில் இறக்கிய போர்க்கப்பலின் பெயர் அது. அகன்ற இடுப்பு, அகன்ற வயிறு, பெரிய சத்தம். அடிக்கம்பியைத் தட்டினால் நம் நெஞ்சுக்கூட்டில் அதிர்கிறது. மேல்கம்பி அதற்கு மேலே தனியாக மணியடிக்கிறது. கார்வை என்றால் அப்படி ஒரு கார்வை. ஒரு கார்டைத் தட்டிவிட்டு உள்ளே போய்க் காபி டம்ளரோடு திரும்பினாலும் அது இன்னும் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கும். சீர்காழி கோவிந்தராஜன் மைக்கை நகர்த்தி வைத்துவிட்டுப் பாடுவதுபோல என்று சொல்லலாம்.

"எல்லாம் ரோஸ்வுட் செய்ற வேலை" என்பான் மார்ட்டின்காரன். அந்த ரோஸ்வுட் எது என்று விசாரித்தால் நமக்குத்தான் சிரிப்பு வரும். ஒரு காலத்தில் பிரேசில் மரம். அது கிடைப்பது அரிதாகிவிடவே, 1969-இல் மார்ட்டின் கம்பெனி இந்திய மரத்துக்கு மாறியது. இந்திய மரம் என்றால் நம் ஈட்டி. கூடலூர்ப் பக்கம் கேட்டால் சின்னப்பிள்ளை கூடக் கைகாட்டும். பட்டா நிலத்திலேயே நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்று தமிழ்நாட்டில் அதற்குத் தனிச் சட்டமே போட்டிருந்தார்கள். என் தாத்தா வீட்டு ஈட்டிக் கட்டிலை, கனமாக இருக்கிறது என்று வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அந்தக் கட்டிலின் உறவுக்காரர்கள் கடல் தாண்டிப் போய், பாலிஷ் போட்டுக்கொண்டு லட்சங்களில் திரும்பி வருகிறார்கள். 2017-இல் வந்த பன்னாட்டு விதியால் ஈட்டி மர கிதார் எல்லை தாண்டுவதற்கே காகிதங்கள் தேவைப்பட்டன. 2019-இல் இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். செய்தி வந்த அன்று மார்ட்டின்காரன் எங்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தான்.

கிப்ஸன்காரனுடையது ஜே-45. 1942-இல் 45 டாலருக்கு விற்றதால் அந்தப் பெயர். தோள் இரண்டும் சரிந்திருக்கும், முதுகு மஹாகனி. மார்ட்டினுக்கு நேர் எதிர்க் குணம்: ஸ்வரம் பொத்தென்று விழும், சட்டென்று அடங்கும். பளபளப்புக் கிடையாது, பேச்சு சுருக்கம். பாடுபவர்கள் இதை விரும்புவதற்குக் காரணமும் அதுதான், குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கிப்ஸன்காரன் பாடுவான். கல்லூரி நாளிலேயே மேலே எட்டாத தொண்டை, இருந்தாலும் பாடுவான். அவன் வாசித்து முடித்ததும் மார்ட்டின்காரனே, மனமில்லாமல், "ஒரு கதகதப்பு இருக்குடா" என்று ஒப்புக்கொள்வான்.

அந்தக் கதகதப்புக்கு உரிமையாளர் ஒரு காரணமும் வைத்திருக்கிறார். போர்க்காலத்தில் ஆண்கள் சண்டைக்குப் போய்விட, கலமஸூ நகரத்துத் தொழிற்சாலையில் பெண்கள்தான் நிறையக் கிதார்களைச் செய்தார்கள். அது உண்மை. "அந்தக் கைப்பக்குவம்டா" என்பான். "உன்னுது மூணு வருஷத்துக்கு முன்னாடி மொன்டானாவுல செஞ்சது" என்று மற்றவர்கள் நினைவூட்டினால், பக்குவம் பரம்பரையாக வருவது என்பான்.

டெய்லர்காரன் ஆடிட்டர். கலிஃபோர்னியாவில் 1974-இல் தொடங்கிய கம்பெனி அவனுக்கு வாய்த்தது தெய்வ சங்கல்பம்தான். கம்பிக்குக் கம்பி தெளிவு, எங்கேயும் ஏறி இறங்காத சமம், ஒரு தூசி இல்லை. வாசிப்பவன் பிசகினால் அதையும் அதே தெளிவோடு சபைக்குச் சொல்லிவிடும். எனக்கு அது கொஞ்சம் அளவுக்கு மீறிய நேர்மையாகப் படுகிறது.

அவனிடம் ஒரு கதை உண்டு, வாரம் தவறாமல் வரும். 1995-இல் பாப் டெய்லர், சரக்கு அடுக்கும் தட்டிலிருந்து பிடுங்கிய ஓக் பலகையில் ஒரு கிதார் செய்து கண்காட்சியில் வைத்தார். முகப்பு கட்டடச் சட்டத்து மரம். அருமையாக ஒலித்ததாம். "கழிச்சுப் போட்ட பலகையிலயும் டெய்லர் டெய்லர்தான்" என்று முடிப்பான். "அப்புறம் நீ ஏன் அவ்வளவு பணம் கொடுத்தே?" என்று கிப்ஸன்காரன் கேட்பான். ஆடிட்டர் அதற்குப் பதில் சொன்னதில்லை.

இந்த இடத்தில் எனக்குச் சபலம் தட்டும். ஸ்பெயினில் டோரஸ் என்ற மகா நிபுணர் 1862-லேயே முதுகையும் விலாவையும் காகித அட்டையில் செய்து காட்டியதைச் சொல்வேன். முகப்புப் பலகைதான் பாடுகிறது, மற்றதெல்லாம் துணை என்பது அவர் கட்சி. கூடவே இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட சோதனையையும் எடுத்துவிடுவேன். ஆறு கிதார், எல்லாம் ஒரே அமைப்பு, முதுகு விலா மரம் மட்டும் வேறு. இருட்டறையில் 52 வாசிப்பாளர்களுக்கு வெல்டிங் கண்ணாடியை மாட்டிவிட்டுக் கையில் கொடுத்தார்கள். விலை உயர்ந்த பிரேசில் மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்.

"வெல்டிங் கண்ணாடி போட்டா காது எப்படி கேக்கும்?" என்றான் மார்ட்டின்காரன். அவன் கேட்டது விளையாட்டாக இல்லை.

பஞ்சாயத்து ஒருநாளும் தீராததற்கு வேறு காரணமும் இருக்கிறது. தோற்கிறவன் உடனே கம்பி பழசு என்பான். அதில் நியாயமும் உண்டு. புதுக் கம்பி மாட்டிய மட்டக் கிதார், துருப்பிடித்த கம்பியோடு இருக்கும் ராஜாவைக் கூசாமல் வென்றுவிடும். பிக் மெல்லிசா தடிமனா, பிரிட்ஜை ஒட்டி மீட்டினானா ஓட்டைக்கு மேலே மீட்டினானா, நகம் வெட்டியிருக்கிறானா, எல்லாமே குரலை மாற்றும். இவை நேரானால் கூடத்தில் சோபா அதிகம் என்பான். ஒருமுறை என் மனைவி திரைச்சீலையைத் துவைக்கப் போட்டிருந்ததால் ஒரு முழு வாரத் தீர்ப்பையே தள்ளுபடி செய்தார்கள்.

கடைசியில் நானே லங்காஸ்டர் முறையில் சோதனை நடத்தினேன். வெல்டிங் கண்ணாடிக்குப் பதில் துண்டு. புதுக் கம்பி, ஒரே பிக், ஒரே பொன் நிலா. ஒருவன் வாசிக்க, மற்ற இருவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு பெயர் சொல்லவேண்டும். மார்ட்டினும் டெய்லரும் தாறுமாறாக மாறின. ஆனால் ஜே-45 மட்டும், யார் கையில் இருந்தாலும், ஒவ்வொரு முறையும் பிடிபட்டது. "அந்தக் கதகதப்பு!" என்றார்கள் இருவரும். கிப்ஸன்காரன் கண்ணில் தண்ணீர்.

வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்தார். "அந்தத் தோள் சரிஞ்ச வாத்தியம் ரெண்டரைக் கட்டை, தம்பி. மத்த ரெண்டும் மூணு கட்டை. அதான் தனியா தெரியுது."

"அப்போ என்னுது?" என்றேன்.

"அது எந்தக் கட்டையிலயும் இல்லடா."

ட்யூனரை மாட்டிப் பார்த்தோம். ஆறு கம்பியும் அரை ஸ்வரம் கீழே. தொண்டைக்கு எட்டவேண்டும் என்று வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான் வைத்திருக்கிறானாம். "பெரிய பெரிய பாடகருங்கெல்லாம் இறக்கித்தான் வெச்சுக்கறாங்க" என்றான். அதற்குள் மார்ட்டின்காரன் தன்னுடையதை இரண்டரைக்கு இறக்கிவிட்டுத் தட்டினான். "வந்துடுச்சு! கதகதப்பு வந்துடுச்சு!"

"வந்திருக்கலாம். ஆனா அது மஹாகனிக் கதகதப்பு இல்ல" என்றான் கிப்ஸன்காரன்.

ஆடிட்டர் நாற்காலியைப் பெரியம்மா பக்கம் நகர்த்தினான். "பெரியம்மா, நான் ஒரேயடியா ரெண்டு கட்டைக்கு இறக்கிட்டேன்னா, டெய்லரு கிப்ஸனைத் தாண்டிடுமா?"

"கம்பி தொளதொளன்னு ஆயிடும்" என்றார் பெரியம்மா.