இவரைச் சேர்க்க மாட்டோம்

கண் மருத்துவ மேற்படிப்பில் இடம் வாங்கிய இளைஞரிடம் டிவிக்காரர் மைக்கை நீட்டுகிறார். ஏன் இந்தத் துறை? சேவை, கிராமம், ஏழைகளின் கண்ணில் ஒளி. மூன்றும் வரிசை மாறாமல் வரும். மைக் நகர்ந்ததும் சிநேகிதனிடம் வேறு மூன்று சொல்வார். ராத்திரி டியூட்டி கம்மி. ரத்தம் கம்மி. அப்பா ஆஸ்பத்திரியில் லேசர் மெஷின் வாங்கியாகிவிட்டது.

தப்பில்லை. தூக்கம் எல்லோருக்கும் வேண்டும். மெஷினுக்கு வட்டி கட்ட வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மணவறை ஏற ஆசைப்படும் பெண்ணுக்கும் ஒரு டாக்டர் வேண்டும்தான். ஆனால் வகுப்பு முழுக்க அப்பா ஆஸ்பத்திரிகளின் வாரிசுகளே உட்கார்ந்துவிட்டால், பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து பஸ் பிடித்து வருகிற கிழவியின் கண்ணை யார் பார்ப்பது? பார்ப்பார்கள். படிப்பதற்காகப் பார்ப்பார்கள்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு பாட்டி?"

"உளுந்து பிடுங்குறப்ப தட்டை குத்திருச்சு தாயி."

சீட்டில் ஏறுவது: 'காலம் தெரியவில்லை.' பக்கத்து ஓட்டப்பிடாரத்துப் பிள்ளை ஒன்று அந்த நாற்காலியில் இருந்திருந்தால் மறு கேள்வி கேட்டிருக்காது. உளுந்து பிடுங்கியது தை மாதம். இப்போது பங்குனி. குத்தியது செடி. கருவிழியில் பூஞ்சையாக இருக்கலாம். நடுவில் தாய்ப்பால் விட்டிருப்பாள், விளக்கெண்ணெய் விட்டிருப்பாள், நாக்கால் தூசி எடுக்கிறவரிடம் போயிருப்பாள். பூ விழுந்த பிறகுதான் பஸ் ஏறியிருப்பாள். முன்னாலேயே ஏறினால் அன்றைய காட்டு வேலைக் கூலி போய்விடும். இவ்வளவும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது. கரிசலில் பிறந்த காதுக்கு அது கேட்கும். கோச்சிங் சென்டரில் வளர்ந்த காதுக்கு நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால்தான் கேட்கும்.

இந்தக் காட்டுப் புண்ணுக்கு எந்தச் சொட்டு மருந்து மேல் என்று உலகம் தெரிந்துகொண்டதே நம் கண்களை வைத்துத்தான். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. நேட்டமைசின் என்றது. உலகத்துப் பாடப்புத்தகம் அதை ஏற்றது. பாடமாக இருக்க நமக்குத் தகுதி உண்டு. அதில் தகராறே இல்லை. பாடம் படிக்கத்தான் தகுதி போதாது.

தகுதி என்றதும் ஒருவர் ஞாபகம் வருகிறார். இந்தக் கரிசல்காரர். பாஞ்சாலங்குறிச்சிக்கு வடக்கே, எட்டயபுரத்துப் பக்கம் அயன் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த கோவிந்தப்ப வெங்கடசாமி. பள்ளிக்கூடத்தில் காகிதம் இல்லை, பென்சில் இல்லை. ஆற்றங்கரை மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்தவர். உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் பிள்ளைப்பேற்றுச் சிக்கலில் செத்துப்போனார்கள். பிரசவ டாக்டராக வேண்டும் என்று கிளம்பினார். ஸ்டான்லியில் 1944-ல் டாக்டரானார். ராணுவத்துக்குப் போனார். அங்கேதான் மூட்டு வாதம் வந்தது. வருஷக்கணக்கில் படுக்கை. விரல்கள் கோணிக்கொண்டன. பேனாவே பிடிக்க முடியவில்லை. பிரசவ வார்டின் கதவு மூடியது.

கண்ணுக்கு வந்தது அப்படித்தான். ஆர்வம் என்றா சொல்வீர்கள்? வேறு வழி இல்லாமல் வந்தார். 1951-ல் கண் மருத்துவ டிப்ளமா. அந்தக் கோணல் விரல்களுக்கென்று கருவிகளைச் செய்துகொண்டார். கத்தி பிடிக்கப் பழகினார். பழகிப் பழகி ஒரு லட்சத்துக்கு மேல் அறுவை செய்தார். 1976-ல் 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு. ஓய்வு பெற்றவர்கள் பூங்காவில் நடப்பார்கள். இவர் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அதே 1976-ல்தான் டில்லியும் பார்வையிழப்பைத் தடுக்கத் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அது கோப்பில் தொடங்கியது. இன்று அரவிந்தில் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் அறுவைகள். ஏழைக்கு எட்டாத விலையில் விற்ற உள்விழி லென்ஸை 1992 முதல் சொந்தமாகவே செய்து விலையை வீழ்த்தினார்கள். நாடு நாடாக வந்து படித்துவிட்டுப் போகிறார்கள்.

கண் மருத்துவ மாநாடுகளில் இவர் படம் இல்லாத மேடை குறைவு. விளக்கேற்றுவோம். கைதட்டுவோம். மேடையை விட்டு இறங்கிவந்து விதி எழுதுவோம்.

என்ன விதி? மாற்றுத்திறனாளி மாணவர்கள் மருத்துவம் படிப்பது பற்றி 2019-ல் நெறிமுறை ஒன்று வந்தது. இரண்டு கைகளும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். உணர்ச்சி இருக்க வேண்டும். வலு இருக்க வேண்டும். போதிய அளவு அசைய வேண்டும். அப்போதுதான் தகுதி.

படத்தில் இருக்கிறவரின் கையைக் கொஞ்சம் பாருங்கள்.

மாலை போட்ட கைகளே எழுதிய விதி இது. அந்த விதி இருந்தபோது வெங்கடசாமி தன் விரல்களை நீட்டிக்கொண்டு ஒரு மருத்துவக் குழுவின் முன் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உங்கள் வரலாறு எங்களுக்கு மிகுந்த ஊக்கம் அளிக்கிறது ஐயா, அடுத்தவரை வரச் சொல்லுங்கள். இந்தக் கூத்தை உடைக்க ஒரு மாணவர் உச்ச நீதிமன்றம் வரை படியேற வேண்டியிருந்தது. 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் சொன்னது: இரண்டு கை நிபந்தனை அரசியல் சாசனத்துக்கே விரோதம். வெங்கடசாமி 2006-லேயே இறந்துவிட்டார். நல்லவேளை, சீக்கிரம் பிறந்து தொலைத்தார்.

சரி, கை ஒழுங்காக உள்ளவர்களுக்காவது தகுதியை ஒழுங்காக அளக்கிறார்களா? 2017 முதல் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு மருத்துவம் படிக்க நீட் தேர்வு. தரம், தரம், தரம் என்று காது புளிக்கச் சொன்னார்கள். தரத்தின் பேரால் அரியலூர் அனிதாவைப் பறிகொடுத்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 எடுத்த பெண். தரம் போதவில்லை. பிறகு 2023-ல் மேற்படிப்பு இடங்கள் காலியாகக் கிடந்தன. அதே டில்லி, முதுநிலை நீட் தகுதிக் கோட்டை எங்கே கொண்டுபோய் வைத்தது தெரியுமா? பூஜ்ஜிய பர்சன்டைல். பரீட்சை எழுதியிருந்தால் போதும். கடைசி ஆளும் தகுதியானவர். நிபுணராகலாம். கட்டணம் மட்டும் பூஜ்ஜியம் ஆகவில்லை. தனியார் கல்லூரியில் ஆண்டுக்குப் பல லட்சம். ஆக, தராசின் ஒரு தட்டில் மார்க்கை வைத்தால் கீழே இறங்காது. நோட்டுக்கட்டை வைத்தால் தரையைத் தொடும். இதற்குப் பெயர் மெரிட்.

உள்ளூர்க் கதை மட்டும் யோக்கியமா? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ இடங்களில் 10 விழுக்காடு கொடுங்கள் என்றது நீதிபதி கலையரசன் ஆணையம். நம் அரசு 7.5 கொடுத்தது. பேரம் பேசி வாங்கும் பண்டம் அல்லவா. 2020 செப்டம்பரில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். கலந்தாய்வு நெருங்கியது. அக்டோபர் 29-ல் அரசு தானாகவே அரசாணை போட்டது. மறுநாளே ராஜ்பவனில் பேனா கிடைத்துவிட்டது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடியும் பிரசவமும் பார்த்துக் கை தேறியவர்கள் இருக்கிறார்கள். உளுந்து எப்போது பிடுங்குவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அரசு டாக்டர்களுக்கு மேற்படிப்பில் பாதி இடம் என்பது தமிழ்நாட்டின் பழைய ஏற்பாடு. அகில இந்திய விதியைக் காட்டி 2017-ல் அதையும் பிடுங்கினார்கள். மாநிலத்துக்கு அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2020 ஆகஸ்ட் ஆயிற்று. ஒவ்வொரு வாசலையும் கோர்ட்டுக்குப் போய்த்தான் திறக்க வேண்டும். சாத்துவதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

இதற்கிடையில் அரவிந்தில் வேலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. யார் ஓட்டுகிறார்கள்? பன்னிரண்டாவது முடித்த கிராமத்துப் பெண்கள். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளாகப் பார்த்து எடுத்து இரண்டு வருஷம் பழக்கினார் வெங்கடசாமி. கண் அழுத்தம் பார்ப்பது அவர்கள். கண்ணாடிக்கு பவர் பார்ப்பது அவர்கள். தியேட்டரில் அடுத்த நோயாளியைத் தயாராக வைத்திருப்பது அவர்கள். டாக்டர் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குத் திரும்பினால் போதும். இந்த வேலை இல்லாவிட்டால் இந்தப் பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருப்பார்கள். அவர்களுக்குத் தகுதி இருந்ததா என்று எந்தத் தேர்வு முகமையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருந்திருக்காது.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801-ல் வெள்ளைக்காரன் தரைமட்டமாக்கினான். 1974-ல் நாம் ஒரு புதுக் கோட்டை கட்டி டிக்கெட் வைத்தோம். கட்டடம் கட்டுவதில் நம்மை அடிக்க ஆளில்லை. அயன் வடமலாபுரத்துக்காரருக்கும் ஒரு நாள் மணிமண்டபம் வரும். வெண்கலச் சிலை வைப்பார்கள். சிற்பி விரல்களை நேராக வடித்திருப்பார். திறப்பு விழாவை முன்னிட்டு மாபெரும் இலவசக் கண் சிகிச்சை முகாம். ஃப்ளெக்ஸில் தலைவர் கறுப்புக் கண்ணாடியோடு சிரிப்பார். உள்ளூர்ப் பெண் ஒருத்தி தட்டில் கத்தரிக்கோலை ஏந்தி நிற்பாள். ரிப்பன் வெட்ட வருகிறவருக்குச் சொந்தமாக ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கும்.